இறுகிய அச்சு

கொள்ளைநோயின் நான்காம் ஆண்டில் கதிர்வீச்சுப் பிரிவில் நோயாளியை யாரும் தொடுவதில்லை. வாசல் இயந்திரம் காய்ச்சலையும் அட்டையையும் மட்டும் பார்த்து உள்ளே விடும். தலை அசையாமலிருக்க முதல் நாள் அவரவர் முகத்தில் வார்த்த வலை அச்சை, தினமும் இயந்திரக் கை மாட்டிவிடும். காய்ச்சல் என்றால் கதவு திறக்காது. தொடர்ந்து இரண்டு நாள் வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

டெக்னீஷியன் தணிகைவேல் பக்கத்துக் கட்டடத்தில் திரைமுன் உட்கார்ந்து, கதிரைச் செலுத்தும் பட்டனை அழுத்துபவன். யாரையும் எளிதில் நம்பாதவன் என்று பெயர் வாங்கியவன். இன்று அவன் விரல் தயங்கியது. தொண்டைப் புற்றுக்காக வரும் பூங்கோதை, சோறு இறங்காமல் மெலிந்துகொண்டே போனாள். அச்சும் நாளுக்கு நாள் தொளதொளத்தது. இன்றோ கன்னத்தில் வலை பதிகிற அளவுக்கு இறுக்கம். முதலில் இயந்திரக் கையைச் சந்தேகித்தான். அது சரியாகத்தான் மாட்டியிருந்தது.

மைக்கைத் திறந்தான். "நேத்து ஏம்மா வரலை?"

திரையில், படுத்திருந்தவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நீங்க பூங்கோதைதானா?"

"தங்கச்சி சார்," என்றது அச்சுக்குள்ளிருந்து ஒரு குரல். "அக்காவுக்குக் காய்ச்சல். இன்னிக்கும் வரலைனா இடம் போயிடும். ஒரு நாள்தானே, அந்தக் கதிரை நான் வாங்கிக்கறேன். நீங்க அழுத்துங்க சார்."

அச்சைக் கழற்ற வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். போன வாரம் வேறு இரண்டு பேருக்கும் அச்சு இப்படித்தான் இறுகியிருந்தது. "நல்லா சாப்பிடறீங்க போல, உடம்பு தேறிடுச்சு" என்று மைக்கில் பாராட்டிவிட்டு, அவனேதான் பட்டனை அழுத்தியிருந்தான்.