புதன்கிழமைக் கூட்டு வகுப்பு

ஆய்வாளர் மேடம் பதிவேட்டில் ஒன்பதாவது வாரத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு கடைசி வரிசைச் சிறுமியை எழுப்பினார்.

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

புதன்கிழமைதோறும் கடைசிப் பாடவேளை, அறிவியல் ஆசிரியனான நானும் நூலகரும் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்பு. சேர்ந்து என்றால், முப்பத்தெட்டுப் பேரை நூலக வாசலில் இறக்கிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். உள்ளே சத்தம் வராது. அதற்கு மேல் நான் விசாரித்ததில்லை.

பதிவேடு இருபத்தாறு வாரமாக வெள்ளை வெளேரென்று கிடந்தது. என் வேலை நிரந்தரமாவதோ இந்த மேடத்தின் ஒரு கையெழுத்தில் இருந்தது. ஆகவே நேற்று சாயங்காலம் நூலகர் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பதாவது வாரத்துக்குக் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், மூன்று பாட்டில். புத்தகப் படத்தோடு ஒப்பிடுதல். மூச்சுவிடாமல் சொன்னார். இந்த மனுஷிக்கு என்ன கற்பனை என்று வியந்தேன்.

“அக்கா, கொஞ்சம் நம்புற மாதிரி அடிச்சு விடுங்க.”

“நீ எழுது தம்பி.”

‘ஆசிரியரின் பங்கு’ என்ற கட்டத்தை மட்டும் நானே நிரப்பினேன். அதில் நான் அபாரமாக உழைத்திருந்தேன்.

இப்போது எனக்கு முன்னால் மேடம், பின்னால் அலமாரி. அக்கா ஒரு புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சிறுமி நோட்டைத் திறந்தாள்.

மூன்று பாட்டில்கள். மூன்றாவதில் நிறையக் கால்களோடு ஏதோ நீந்தியது. கீழே அதன் பெயர், புத்தகத்தின் பக்க எண்.

மேடம் பத்தாவது வாரத்தைக் கேட்டார். பக்கத்துப் பையன் நோட்டில் அதுவும் இருந்தது.

பதிவேட்டில் பொய் என்றால், என் கட்டம் மட்டும்தான்.

மேடம் சிரித்தே விட்டார். பேனா மூடியைக் கழற்றினார்.

“சரிம்மா, இதுல சார் என்ன பண்ணாரு?”

சிறுமி என்னைப் பார்த்தாள். அவ்வளவு பரிவோடு என்னை யாரும் பார்த்ததில்லை.

“சாருக்குப் புதன்கிழமையானா முடியாமப் போயிடும் மேடம். தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு லைப்ரரி மிஸ் சொல்லியிருக்காங்க. வாராவாரம் சாருக்காக ஒரு நிமிஷம் கண்ண மூடிட்டுத்தான் ஆரம்பிப்போம்.”

அக்கா தலை நிமிரவில்லை. எண் கோணலாகிவிட்டது போலிருக்கிறது. பிரித்து மறுபடி ஒட்டினார்.

சிறுமி ஒரு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“இன்னைக்கும் புதன்தானே சார். நிக்காதீங்க, உக்காருங்க.”

மேடத்தின் பேனா திறந்தபடியே இருந்தது.

உட்கார்ந்தேன்.