மஞ்சள் பிள்ளையார்

சாலைப் பள்ளத்தில் சிக்கிய பிள்ளையாரை மூஞ்சூறு இழுப்பதாகக் கேலிச்சித்திரம் வரைந்ததற்காக, வசுமதியின் வலக்கையில் நீதிமன்றம் ஒரு காப்பைப் பூட்டியது. விரல்கள் சாமி உருவம் எதைச் செய்யத் தொடங்கினாலும் கை மரத்துப்போகும்.

மகள் கல்யாணத்தில் ஐயர், "பொண்ணோட அம்மா, மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சு வைங்கோ" என்றார்.

வெறும் மஞ்சள் உருண்டைதானே என்று வசுமதி பிடிக்கத் தொடங்கினாள். கூம்பாகக் குவிந்ததும் விரல்கள் செத்துப்போயின. பிள்ளையார் தரையில் விழுந்து சிதறினார்.

"கும்பிடத்தானே பிடிச்சேன்…"

சம்பந்தி வீட்டார் பக்கமிருந்து குரல் வந்தது: "சாமியைக் கீழ போட்டுட்டா. வீடியோ எடுத்தியா?"

"எடுத்து கோர்ட்டுக்கே அனுப்பியாச்சு சித்தப்பா."

வசுமதி இடக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.