லிஃப்ட்காரரின் கடைசி நாள்

“என் பொண்ணு மக்குன்னு யார் சொன்னது, டீச்சர்?”

சிறப்பு வகுப்பு ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் அம்மா மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். இவள் வாசிக்கத் திணறுகிறாளாம், எழுத்துகளை மாற்றிப் போடுகிறாளாம். சுத்தப் பொய். தினமும் சாயங்காலம் தான் தையல் மெஷினில் குனிந்திருக்க, பின்னால் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக் கணீரென்று வாசிக்கிறவள் இவள். பரிசோதனை, அது இது என்று சொல்லி மகளை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

“மக்குன்னு யாரும் சொல்லலைங்க. எங்கே சிக்குதுன்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன்” என்ற ஆசிரியை, ஒரு தாளைச் சிறுமியிடம் நீட்டினார். “இதை வாசி, கண்ணு. அவசரமில்ல.”

சிறுமி தாளையே பார்த்தாள். கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

ஓய்வுபெறும் நாளில் ஒரு லிஃப்ட்காரர் எல்லாப் பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கிவிடுகிறார். லிஃப்ட் மொட்டை மாடியையும் தாண்டி ஏறுகிறது. உள்ளே ஒரு சிடுமூஞ்சி அத்தை, வாங்கிய பால் கெட்டுப்போகும் என்று சண்டை பிடிக்கிறாள். மேகத்துக்குள் கதவு திறக்கிறது. வெளியே, கீழே போவதற்காக மழை காத்து நிற்கிறது.

“எந்த மாடிக்கு?” என்கிறார் லிஃப்ட்காரர்.

“வெயில் அதிகமா இருக்கிற மாடிக்கு” என்கிறது மழை.

ஆசிரியையின் பேனா அந்தரத்தில் நின்றிருந்தது. “அப்புறம் அந்த அத்தை?” என்று மெல்லக் கேட்டார்.

“நனைஞ்சுகிட்டே சிரிச்சாங்க.”

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “பார்த்தீங்களா? ஒரு இடத்துலயாவது திக்கினாளா? இவளுக்கு எதுக்கு ஸ்பெஷல் கிளாஸ்?”

“கட்டாயம் வேணும்மா. தினமும் என்கிட்ட வரட்டும். பரீட்சையில கேள்வியை நான் வாசிச்சுக் காட்டறேன், இவ வாயால பதில் சொல்லட்டும். மூணாம் வகுப்புலயே நிறுத்திட மாட்டோம்.” ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். “இந்தத் தாளை எத்தனையோ குழந்தைங்ககிட்ட நீட்டியிருக்கேன். இப்படி ஒண்ணை நான் கேட்டதே இல்ல.”

அவர் தாளை அம்மாவின் கையில் கொடுத்தார்.

எழுத்துக் கூட்டத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக அச்சடித்த அந்தத் தாளில், ‘கிபு, நொசா, பெலுடி, தமுறை’ என்று ஓர் அர்த்தமும் இல்லாத சொற்கள்தான் மேலிருந்து கீழ்வரை இருந்தன.