நாலு மணிக்குள்

வீட்டுக்காரர் வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் அந்த ஜன்னல் உடைந்ததே இல்லை என்று ஆகிவிட வேண்டும்.

அவள் சமையலறைத் தரையில் முட்டி போட்டுக் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். பெரிய துண்டுகள் செய்தித்தாளுக்குள் போயின. பொடியைக் கூட்டத் துடைப்பம் தேடினாள். நாலு கதவைத் திறந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

எல்லாம் தம்பி செய்த வேலை. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் பதினோரு வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிறவள் அவள். காலையில் அந்தக் கடை வாசலில் அவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். துணியெல்லாம் ரத்தம். இன்னொரு கையை விரித்தான். இரண்டு தங்க வளையல்.

ஜன்னல் கண்ணாடியை உடைத்தது, கையை விட்டுக் கொக்கியை எடுத்தது, உள்ளே குதித்துப் பீரோவைத் திறந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். வேலை போய் எட்டு மாசம், புத்தி கெட்டுவிட்டது என்றான். விற்கப் போனவனுக்கு நகைக்கடைப் படியில் ஏறக் கால் எழவில்லையாம்.

அவள் பளாரென்று ஓர் அறை விட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தவள், அதுவரை கை ஓங்கியதில்லை.

அறைந்த கையாலேயே அவன் கண்ணைத் துடைத்தும் விட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை போலீஸ் வரைக்கும் போய், இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். இன்னொரு புகார் போனால் உள்ளே தள்ளிவிடுவார்கள். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை வேறு.

வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து நாலு மணிக்கு வந்துவிடுவார் என்று தம்பி தெருவில் கேட்டு வைத்திருந்தான். வந்து ஜன்னலைப் பார்த்தால், அடுத்த நிமிஷம் பீரோவைப் பார்ப்பார். ஜன்னல் சரியாக இருந்து, வளையலும் இருந்த இடத்தில் இருந்தால், அவர் எதையும் கேட்கப் போவதில்லை. அவளுக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான்.

கண்ணாடியின் அளவைத் தம்பியையே கேட்டாள். அவன் காயம் படாத கையால் காற்றில் சாண் போட்டுக் காட்டினான். கண்ணாடியில் எந்தப் பூ என்றதற்கு, சட்டை மடிப்பிலிருந்து ஒரு சில்லை எடுத்துக் கொடுத்தான். அதே பூப்போட்ட கண்ணாடி கடையில் கடைசியாக ஒரே ஒரு துண்டு இருந்தது. வயிற்றுவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, அதை அந்த அளவுக்கு வெட்டிக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். தம்பி புகுந்த அதே ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினாள்.

கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய பட்டிப் பசையை உளியால் சுரண்டி, ஓரத்துப் பீடிங் கட்டைகளை முறியாமல் நெம்பி எடுத்து, கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தாள்.

இறங்கவில்லை. அரை விரல் அகலம் கூடுதல்.

பையில் போன் அதிர்ந்தது.

"அக்கா, முடிஞ்சுதா?"

"கண்ணாடி இறங்க மாட்டேங்குது. சாண் கணக்குல அளவு சொன்னா வேற எப்படி இருக்கும்?"

"நான் வரட்டுமா?"

"நீ இந்தத் தெருவையே மிதிக்கக் கூடாது. போனை வை."

அரை விரல் அகலத்தில் ஒரு கீற்றை நறுக்கி எடுப்பது கடையில், மேஜைமேல், நல்ல வெளிச்சத்திலேயே பத்துக்கு மூன்று தடவை சொதப்பும். இங்கே மேஜை இல்லை. மாற்றுக் கண்ணாடியும் இல்லை. கோணிப்பையைத் தரையில் விரித்து, அளவுகோலை முழங்காலால் அழுத்திக்கொண்டு கண்ணாடி வெட்டும் கத்தியை இழுத்தாள். கிறீச்சென்ற சத்தத்தில் பல் கூசியது. அடியில் லேசாகத் தட்டினாள். மறுபடி தட்டினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஒடித்தாள்.

டக்.

கண்ணைத் திறந்தபோது கீற்று தனியாகக் கிடந்தது. கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் லேசாகப் பெயர்ந்திருந்தது. பீடிங் மறைத்துவிடும்.

அப்புறம் கை தானாக ஓடியது. பட்டியை உருட்டி வைத்து, கண்ணாடியை அழுத்தி, கட்டைகளைப் பழைய துளைகளிலேயே ஆணி அடித்து நிறுத்தினாள். வழிந்த பட்டியைக் கத்தியால் வழித்து, கைரேகைகளைத் துணியால் துடைத்தாள். கொக்கி சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. திருகாணியை ஒரு சுற்று தளர்த்தினதும் உட்கார்ந்தது. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாள். பக்கத்துக் கண்ணாடியைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. அடுப்புக் கரியைத் தொட்டு லேசாகத் தேய்த்துவிட்டாள்.

வளையல்களைத் தம்பி சொன்ன மாதிரியே மூன்றாவது தட்டில், புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பீரோவைச் சாத்தினதும்தான் மூச்சே வந்தது. அங்கேயே சாய்ந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் அழுதாள்.

மணி மூன்று நாற்பது. சில்லுப் பொட்டலத்தையும் உளியையும் பையில் திணித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முன்கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். கைப்பிடியில் கை வைக்கப் போனாள்.

வெளியே பூட்டில் சாவி நுழையும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. பெட்டியும் கையுமாக அவர் நின்றார். அவள் விரல்களில் ஒட்டியிருந்த பட்டியைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"யாரும்மா நீங்க? எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?"