சிவப்புப் பட்டை

வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் துணைக்கு ஆளுக்கொரு அக்காவும், பயத்துக்கேற்பத் தானாக நிறம் மாறும் ஒரு கைப்பட்டையும் கொடுப்பார்கள். தினமும் காலையில் வாசலில் பட்டையைப் பார்ப்பார்கள். சிவப்பு என்றால் பிள்ளைக்குப் பயம் இன்னும் போகவில்லை. பச்சை என்றால் தைரியம் வந்துவிட்டது, அக்காவை வேறு பிள்ளைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஜுனு ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. அவள் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியிலேயே கிடந்தார்கள். பூவிழி அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பேச வைத்தாள், சாப்பிட வைத்தாள், வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வைத்தாள்.

ஆனாலும் பட்டை சிவப்பாகவே இருந்தது.

"வாத்தியாரையே கிண்டல் பண்ற. உனக்கு என்ன கண்ணு பயம்?" என்று பூவிழி சிரித்தாள்.

ஜுனு தலையைக் குனிந்துகொண்டாள். "பச்சை ஆனா நீ போயிடுவியேக்கா. அதான் வர்ற வழியில கம்பெனி நாய் முன்னாடி போய் நிப்பேன். அது பாஞ்சு வரும். பயத்துல செவப்பாயிடும்."

பூவிழியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஜுனுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அதுகிட்டப் போகக் கூடாது. சரியா?"

"போறதில்லக்கா. அது இப்பல்லாம் என்னைப் பார்த்தா வாலாட்டுது. அதனால நேத்துலேருந்து ரயில் வர்றப்போ தண்டவாளத்துல நிக்கிறேன்."