கரகரப்பு

"இதுவும் வேண்டாம்ண்ணே. வேற எடுங்க," என்றாள் வேல்விழி.

விருதுநகரில் ரேடியோ கடை வைத்திருக்கும் ஜாபஸ் அவளுக்கு எடுத்துக் காட்டிய நாலாவது ரேடியோ அது.

"ஏம்மா, இலங்கை ஸ்டேஷனே பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி கேக்குது. கொஞ்சங்கூட இரைச்சல் இல்ல."

"அதான் வேண்டாங்கேன்."

அவருக்குச் சலிப்புத் தட்டியது. யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒன்றை எடுத்துத் திருகினார். பாட்டுக்கு நடுவே படபடவென்று பொரிந்தது.

"எங்கனயோ தூரத்துல மின்னல் வெட்டுனாக்கூட இது கரகரன்னு இரையும். ஒருத்தரும் வாங்க மாட்டேங்காக."

வேல்விழி அதை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"இதக் குடுங்க. சிவகாசில எங்க பட்டாசு கம்பெனி வாசல்ல வைக்கணும். இது இரைஞ்சா, வானம் வெளுத்துக் கிடந்தாலும் எல்லாரையும் வெளிய கூட்டியாந்துருவேன்."

ஜாபஸ் அசந்துபோனார்.

"இத எப்பிடிம்மா கண்டுபிடிச்சீக?"

"போன வருசம் வாட்ச்மேன் ரேடியோ இப்பிடித்தான் இரைஞ்சுச்சு. ரிப்பேருன்னு நாந்தான் அமத்துனேன். கொஞ்ச நேரத்துல மருந்து ரூம்ல இடி விழுந்துச்சு. உள்ள எம் மக இருந்தா."