பஞ்சர் கடைத் துடைப்பம்

ஐந்து மணிச் சங்கு ஊதுகிறது. ஆலைக் கதவு திறக்கிறது. அணை உடைத்துக்கொண்டதைப் போலக் கூட்டம் சாலையை நோக்கி வருகிறது. எதிரே பஞ்சர் கடை வாசலில் நிற்கும் சாலை இன்ஜினீயரம்மா ரோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறாள். இங்கே வருஷத்துக்கு மூன்று விபத்துதான் நடக்கும் என்கிறது, வேறு தேசத்துச் சாலைகளை அளந்து எழுதிய புத்தகம். அவள் காலடியிலோ, விபத்துகளில் உடைந்து, கடைக்காரர் இந்த வருஷம் பெருக்கிச் சேர்த்த வண்டி விளக்குக் கண்ணாடி, ஒரு வாளி நிறைய, மாலை வெயிலில் சிவப்பும் மஞ்சளுமாக மின்னுகிறது. அந்த வாளியை நம்பித்தான் அவள் தன் கணக்கில் மூன்று விபத்தை முப்பதாக்கினாள். ஜனங்கள் கடக்க வேண்டிய இடமென்று புத்தகம் காட்டிய தெருமுனையை விட்டுவிட்டு, அவர்கள் நிஜமாகக் குறுக்கே நடக்கும் தடத்திலேயே வெள்ளைக் கோடுகளும், அதற்கு முன்னால் வேகத்தடையும் நேற்றுப் போட வைத்தாள். இன்று ஒரு கண்ணாடி உடைந்தாலும் நாளைக்கே எல்லாவற்றையும் சுரண்டிவிட வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு.

“மேடம், முதல்ல வர்றது என் வீட்டுக்காரி. எந்தப் பக்கமும் பாக்க மாட்டா, மகாராணி!” என்கிறார் கடைக்காரர். “லாரி வருதுண்ணே!” என்று அவர் தோளைப் பிடிக்கிறாள் இன்ஜினீயரம்மா. மணல் லாரி பாய்ந்து வருகிறது, வேகத்தடையில் ஏறிக் குதிக்கிறது, கிறீச்சிடுகிறது. புழுதி அடங்கும்போது, முதல் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சக்கரம் நின்றிருக்கிறது. மகாராணி டிபன் கேரியரை ஆட்டியபடி கடக்கிறாள். பின்னால் இருநூறு பேர். “நின்னுட்டான்! நின்னுட்டான்ணே!” சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கிறாள் இன்ஜினீயரம்மா. கடைக்காரர் பழக்கத்தில் துடைப்பத்தோடு ஓடிவந்து, பெருக்க ஒன்றும் இல்லாமல் ரோட்டோரம் விழிக்கிறார். “துடைப்பத்தை வெச்சுக்கிட்டு என்னய்யா வேடிக்கை?” என்கிறாள் மகாராணி. “போய்க் கடையைப் பெருக்கு!”